வெள்ள ஆலோசனைக் குழு: கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள் என்றவருக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், வெள்ளம் பற்றி மாமன்றத்துக்கு (நகராட்சி மன்றத்துக்கு) ஆலோசனை சொல்லக் குடியிருப்பாளர் குழு அமைக்கக் கூட்டம் கூட்டினோம், ஆறு பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியொரு குழுவுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புமுறைச் சட்டம் (Municipal Systems Act), பிரிவு 17(4), கவுன்சிலர் அல்லாதவர்களை வைத்து ஆலோசனைக் குழு அமைக்க மாமன்றத்துக்கு இடம் தருகிறது. சாட்ஸ்வொர்த் கவுன்சிலரிடம் பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். உறுப்பினர் நியமனத்தில் ஆண், பெண் இருபாலரையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆள் வராததற்குக் காரணம் அநேகமாக நேரம்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் வருவார்கள்?

அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களிடம், "2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது. பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓடைக்கரைக் குடிசைகளுக்கும் போங்கள், ஜூலு மொழி தெரிந்த ஒருவரோடு.

ஒன்று: குழு சொல்வது ஆலோசனை மட்டுமே, மாமன்றம் ஏற்றாக வேண்டிய கட்டாயமில்லை.