இங்கிலாந்துப் பள்ளிகளில் பாலின அடையாளப் பாடம்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆளுநர் குழுவில், அதாவது பள்ளியை மேற்பார்வையிடும் குழுவில், எட்டு வருடமாகப் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. இங்கிலாந்து விதிகள் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஹாரோவிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகள் ஐந்தாம் வகுப்பு. எல்லோருக்கும் ஒரு பாலின அடையாளம் உண்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். பெற்றோர் இவ்வளவு கேட்டும் அரசு என்னதான் பதில் சொன்னது?

பாலின அடையாளம் என்றால் தான் ஆணா, பெண்ணா, வேறா என்று ஒருவர் உள்ளுக்குள் உணர்வது. அரசின் பதில் ஒரே நாளில் வரவில்லை. குடும்பம், நட்பு, மரியாதை பற்றிய உறவுக் கல்வி 2020 செப்டம்பரில் கட்டாயமானது. பாடப் பொருட்கள் பற்றிப் புகார்கள் பெருகியதும் 2023 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் இந்தப் பாடத்தின் மறுஆய்வை முன்கூட்டியே தொடங்கினார். 2024 மே மாதம் வந்த வரைவு வழிகாட்டுதல், பாலின அடையாளத்தைக் கற்பிக்கவே கூடாது என்றது. ஜூலையில் ஆட்சி மாறியது. இறுதி வழிகாட்டுதல் பிரிட்ஜெட் பிலிப்சன் கல்வி அமைச்சராக இருக்கும்போது, 2025 ஜூலையில் வெளியானது. 2026 செப்டம்பர் 1 முதல் நடைமுறை.

அதன்படி உயிரியல் பால், பாலின மாற்றம் இரண்டையும் பற்றிய உண்மைகளையும் சட்டத்தையும் கற்பிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் பாலின அடையாளம் உண்டு என்பதை நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் கற்பிக்கக் கூடாது. இதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதைப் பள்ளி ஏற்க வேண்டும். பிள்ளைகளைத் தங்கள் பாலினத்தைச் சந்தேகிக்கத் தூண்டக்கூடிய படங்களையும் கார்ட்டூன்களையும் தவிர்க்க வேண்டும். உங்கள் மகளுடைய பள்ளி நீங்கள் சொன்னபடிதான் கற்பிக்கிறது என்றால், கேள்வி கேட்க உங்களுக்கு வலுவான இடம் உண்டு.

ஆனால் பாலின அடையாளம் என்ற சொல்லே வகுப்பில் வரக்கூடாது என்று இதைப் படிக்காதீர்கள். பாலினம் மாறியவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது.

மிட்சமிலிருந்து ஒரு தந்தை: மகனை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாமா?

பாலியல் கல்வியிலிருந்து விலக்கலாம். தொடக்கப் பள்ளியில் கேட்டால் தலைமை ஆசிரியர் கொடுத்தே ஆக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலும் கொடுப்பார். ஆனால் 16 வயது நிறைய மூன்று பருவம் இருக்கும்போது பிள்ளையே விரும்பி வகுப்பில் சேரலாம். உறவுக் கல்வி, உடல்நலக் கல்வி, அறிவியல் மூன்றிலிருந்தும் விலக்க உரிமை இல்லை. குடும்பங்கள் பலவகை என்று சொல்வது உறவுக் கல்வி. அங்கேதான் நம்மவர்கள் பலர் குழம்புகிறார்கள்.

ஈஸ்ட் ஹாம்: உறவுக் கல்வியிலிருந்தும் விலக்கலாம் என்று நண்பர் சொன்னார்...

இல்லை. மேலே படியுங்கள்.

கார்டிஃப்: எங்களுக்கும் இதே விதிதானா?

இல்லை. வேல்ஸில் 2022 முதல் தனிப் பாடத்திட்டம், விலக்கும் உரிமை கிடையாது. அங்குள்ள பள்ளி ஆளுநர் யாரையாவது கேளுங்கள்.

குரோய்டன்: பாடத்தின் ஸ்லைடுகளைக் கேட்டேன். வெளி நிறுவனத்தின் காப்புரிமை, காட்ட முடியாது என்றார்கள்.

அது செல்லாது. பெற்றோருக்குப் பாடப் பொருட்களைக் காட்ட வேண்டும் என்று 2023இல் அப்போதைய கல்வி அமைச்சர் கில்லியன் கீகன் பள்ளிகளுக்கே கடிதம் எழுதினார். புதிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மின்னஞ்சலில் கேளுங்கள். வாசலில் நின்று வாயால் கேட்டது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இதை நான் எத்தனை முறையானாலும் சொல்வேன்: எழுத்தில் கேளுங்கள்.

லெஸ்டர்: நாடாளுமன்ற இணையதள மனுவில் கையெழுத்துப் போட்டால் பயன் உண்டா?

10,000 கையெழுத்துக்கு அரசு எழுத்தில் பதில் தரும். 100,000 தாண்டினால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். 2019 பிப்ரவரியில் விலக்கும் உரிமை கேட்ட மனு அப்படி விவாதத்துக்கு வந்தது, விதி மாறவில்லை. ஆனால் இந்தப் பாடத்துக்கான தன் கொள்கையை எழுதும்போது பள்ளி பெற்றோரிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் பள்ளியில் நாலு பேர் வந்தார்கள்.

ஹவுன்ஸ்லோ: எட்டாம் வகுப்பு மகளை உறவுக் கல்வியிலிருந்து விலக்க...

மூன்றாவது முறை. முடியாது. முதலில் பள்ளி இணையதளத்தில் இருக்கும் கொள்கையைத் திறந்து படியுங்கள்.

மிட்சம் தந்தை மறுபடியும்: பாடத்தை விடுங்கள். பிள்ளை வேறு பெயரில் கூப்பிடச் சொன்னால், பெற்றவர்களிடம் மறைத்துப் பள்ளி கூப்பிடுவதா?

இல்ஃபோர்ட், ஓர் ஆசிரியை: அண்ணா, வீட்டில் சொல்லாதீங்க மிஸ் என்று என் முன்னால் அழுத பிள்ளை உண்டு. அவளை எப்படி விட?

மிட்சம்: அப்போ நாங்கள்தான் ஆபத்தா? நம் ஊரில் இதெல்லாம் உண்டா?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கள் பாலினம் பற்றிக் கேள்வி எழுப்பும் பிள்ளைகளைப் பற்றிய 2023 டிசம்பர் வரைவு வழிகாட்டுதல் வேறு ஆவணம். அது, பிள்ளை கேட்டவுடன் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்றது. பெரும் தீங்கு நேரும் என்ற மிக அரிதான நிலை தவிர பெற்றோரைச் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளைகளுக்கான பாலின மருத்துவச் சேவையை ஆய்வு செய்த குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸின் 2024 ஏப்ரல் அறிக்கையும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது: ஆபத்து என்று நம்ப வலுவான காரணம் இல்லாவிட்டால் முடிவெடுப்பதில் பெற்றோர் இருக்க வேண்டும், சிறு வயதில் கூடுதல் கவனம் வேண்டும். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தம்பி, உங்களை யாரும் ஆபத்து என்று சொல்லவில்லை. தங்கச்சி, அழும் பிள்ளையைப் பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொண்டுபோங்கள். ரகசியத்தை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது.

நம் ஊரில் உண்டா என்றால், உண்டு. திருநங்கைகள் கூடும் திருவிழா நடக்கிற கூவாகம் நம் ஊர்தான். திருநங்கைகளுக்கு 2008இல் நல வாரியம் அமைத்ததும் தமிழ்நாடுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றில் மென்மையாகப் பேசிய பையனை மற்றப் பிள்ளைகள் 'ஒம்பது' என்று கூப்பிட, ஆசிரியரும் சேர்ந்து சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் அடுத்த வாரம் வரவில்லை. பாடத்தில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பது நியாயம். அந்தப் பையனுக்காகவும் அதே குரலில் கேட்க வேண்டும்.

மிட்சம்: ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் மறைப்பதை இன்னும் ஏற்க மாட்டேன்.

ஏற்க வேண்டாம். அதை ஆளுநர் குழுவுக்கு எழுதுங்கள்.

வெம்பிளி: கழிப்பறை?

8 வயதிலிருந்து ஆண், பெண் தனித்தனி. ஒருவர் மட்டும் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் அறை என்றால் விதிவிலக்கு. இது 2012 பள்ளிக் கட்டட விதி.

சவுத்தால்: வாட்ஸ்அப்பில் ஒரு பாடப் பக்கம் வந்தது, இணைத்திருக்கிறேன். என் மகன் பள்ளியிலும் இதுதானா?

பக்கத்தில் பள்ளிப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. யாருக்கும் அனுப்பாதீர்கள். மகனின் வகுப்பு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி, இந்தப் பருவத்தில் என்ன பாடம், எந்த ஸ்லைடு என்று கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.