ஒரு நோய் காட்டின் உணவுச் சங்கிலியை மாற்றுமா?

"நோய் வந்தால் சில விலங்குகள் சாகும், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான் இல்லை. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உள்ள செரெங்கெட்டி என்ற பரந்த புல்வெளிக் காட்டைப் பாருங்கள்.

நம் ஊரில் வெக்கை நோய் என்பார்களே, அந்த மாட்டு நோய் 1890களில் அங்கே பரவியது. மாடுகளிடமிருந்து, கூட்டமாக மேயும் பெரிய மான் வகையான வில்டபீஸ்ட்டுகளுக்கும் தொற்றியது. தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும், ஒரு வயதுகூட நிறையாத கன்றுகள் வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்தே செத்தன. பார்க்கவே கொடுமையாக இருந்திருக்கும்.

அப்புறம் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கவனியுங்கள், ஊசி மாட்டுக்கு மட்டும்தான். மாட்டிடம் நோய் அடங்கியதும் வில்டபீஸ்ட்டுக்குத் தொற்றுவதும் நின்றது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1970களின் முடிவுக்குள் 13 லட்சத்தைத் தொட்டது. சிங்கமும் கழுதைப்புலியும் பெருகின.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு புல்தான். முன்பு மேய ஆளில்லாமல் இடுப்பளவு வளர்ந்து காய்ந்து, கோடையில் தீப்பிடித்து, மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். இப்போது லட்சக்கணக்கான வாய்கள் மேய்ந்ததில் தீக்கு எரிபொருள் குறைந்தது. மரக்கன்றுகள் தப்பி மரமாயின. அந்த இலைகள் ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி.

2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.