பிளாஸ்டிக் தடை வந்து இத்தனை வருடமாகியும் சின்னக் கடைகளில் ஏன் இன்னும் கவரில் கட்டித் தருகிறார்கள்? அபராதத்துக்குப் பயமே இல்லையா?

பயம் இல்லாமலா? மதுரையில் நானும் வீட்டுக்காரரும் 11 வருடமாக இட்லி கடை போட்டிருக்கிறோம். நீங்கள் பார்சல் வாங்குகிற பக்கம் நின்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டுகிற பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி தடை வந்ததும் இட்லிக்குப் பிரச்சினையே இல்லை, வாழை இலை இருக்கிறது. சாம்பார்தான் தலைவலி. கவர் என்றால் வாயை விரித்து ரெண்டு கரண்டி ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி நூலைச் சுற்றினால் முடிந்தது. அதை விட்டுவிட்டு, பாத்திரம் கொண்டுவந்தால் ஒரு இட்லி கூடுதல் என்று சிலேட்டில் எழுதி வைத்தோம். காலையில் வருகிறவர்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். ராத்திரி வருகிறவர்கள் பைக்கை அணைக்காமலே "அக்கா, நாலு இட்லி பார்சல்" என்பார்கள். பாத்திரம் இருக்கா என்று கேட்டால் வண்டி அடுத்த கடைக்குப் போய்விடும்.

சரி, எங்களுக்கு அபராதம் போட்டது எதற்குத் தெரியுமா? சாம்பார் கவருக்கு இல்லை, பார்சலைப் போட்டுக் கொடுத்த பைக்கு. "துணி மாதிரிதான்க்கா, 60 ஜிஎஸ்எம், தைரியமா வாங்குங்க" என்று மொத்தக்கடையில் கொடுத்த நான்-ஓவன் பை, அதாவது நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்தது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு. மத்திய அரசு விதியில் அந்தக் கனம் செல்லும். தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. கேரி பேக்கும் அப்படித்தான்: மத்திய விதியில் 120 மைக்ரான் தடிமன் இருந்தால் சரி, இங்கே எந்தத் தடிமனும் கூடாது. இதை எனக்கு யார் சொன்னார்கள்? அன்று ராத்திரி என் மகன் அந்தப் பையில் தீக்குச்சியைக் காட்டினான். பருத்தித் துணியென்றால் சாம்பலாகும். இது உருகி, சொட்டுச் சொட்டாக விழுந்து தரையில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கே புரிந்தது.

உடனே நான் தடைக்கு எதிரி என்று எழுத வந்துவிடாதீர்கள். எங்கள் தெரு வாய்க்கால் கவரால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவள் நான். தடை வேண்டும். ஆனால் விற்றவரையும் தயாரித்தவரையும் விட்டுவிட்டு, கடைசியில் கட்டிக் கொடுக்கிற கையை மட்டும் பிடிப்பது நியாயமில்லை.

இப்போது கடையில் 12 எவர்சில்வர் தூக்கு வைத்திருக்கிறோம். 100 ரூபாய் முன்பணம், திருப்பித் தந்தால் முழுப் பணமும் கையில். இதுவரை ஒன்றுதான் திரும்பி வரவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.