ஆத்தாவின் போனுக்கு எந்த சிம்?

செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒன்றையே கேட்கின்றன: செல்போனுக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது? 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியதிலிருந்து, அதிகம் பேசாதவர்களுக்குக்கூட ரீசார்ஜ் ஒரு மாதச் செலவாகிவிட்டது. கடிதங்களிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஆத்தா தனியாக இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். பழைய பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். பேசுவதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடமாட்டார். 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய்க்கு நான் இங்கிருந்து ரீசார்ஜ் செய்கிறேன். முகப்பில் உட்கார்ந்தால் நன்றாகப் பேச முடிகிறது. உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறது. செலவும் குறைய வேண்டும், வீட்டுக்குள்ளும் எடுக்க வேண்டும். எந்த நிறுவனத்துக்கு மாறலாம்?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டு பிரச்சினைகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் சிக்னல். எடுக்காத போனுக்கு எவ்வளவு குறைவாகப் பணம் கட்டினாலும் அது நஷ்டம்தான்.

உங்கள் வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் கட்டுகள். ரேடியோ அலை ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் கொஞ்சம் வலுவிழக்கும். அதிர்வெண் குறைந்த அலைகள் சுவரை ஓரளவு நன்றாகத் துளைக்கும். அதிகமான அலைகள் முகப்போடு நின்றுவிடும். ஆனால், கோபுரம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கிறது. அதனால் உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நிறுவனங்கள் தங்கள் சேவை கிடைக்கும் பகுதிகளை இணையதளத்தில் வரைபடமாக வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி செய்தது. அதைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வரைபடம் ஊரைக் காட்டும், உங்கள் அடுப்படியைக் காட்டாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, மேலே சொன்ன மூன்றோடு பி.எஸ்.என்.எல்.லையும் சேர்த்து நான்கு நிறுவனங்களின் சிம்களும் வைத்திருக்கும் உறவினர்களையோ அக்கம்பக்கத்தாரையோ வீட்டுக்கு அழையுங்கள். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி, முக்கியமாக ஆத்தா இரவில் படுக்கும் இடம் என ஒவ்வோர் இடத்திலும் நின்று ஓர் அழைப்பு போட்டுப் பேசிப் பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை எண்ணுவதில் பயனில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பிற்பகலில் ஒருமுறை பாருங்கள். கரண்ட் போனால் சில கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து படுத்துவிடும். தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த நேரத்தில்தான் போன் வேண்டியிருக்கும்.

அடுத்து, ஆத்தாவின் கருவி. பழைய பட்டன் போன் என்றால் பெரும்பாலும் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம் அதில் வேலை செய்யாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். மூன்றும் வேலை செய்யும். ஜியோதான் வீட்டுக்குள் நன்றாக எடுக்கிறது என்று தெரிந்தால் 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போன் அப்படிப்பட்டது. அதற்கென்று 28 நாளுக்கு 123 ரூபாயில் தனித் திட்டமும் அறிவித்தார்கள். ஆனால் அந்தப் போனில் ஜியோ சிம் மட்டுமே ஓடும். நாளை வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் போனையும் மாற்ற வேண்டும்.

இப்போது செலவு. 199 ரூபாயை 28 நாளுக்கு ஒருமுறை கட்டினால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ஆகிறது: 2,587 ரூபாய். அந்தத் திட்டத்தில் ஆத்தா தொடாத இன்டர்நெட்டுக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். இதைத்தான் டிராய் 2024 டிசம்பரில் கவனித்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டத்தை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும், இப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்களின் கால வரம்பு, முன்பிருந்த 90 நாளுக்குப் பதிலாக, 365 நாள் வரை நீளலாம் என்று விதியைத் திருத்தியது. 2025 ஜனவரியில் அப்படியே திட்டங்கள் வந்தன. ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றது. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்றது. வோடபோன் ஐடியாவின் ஓராண்டுத் திட்டமும் அப்போது 1,849 ரூபாய்தான். 1,849 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம். இப்போது நீங்கள் ஏழு ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்கள். எண்ணையும் மாற்றாமல், நிறுவனத்தையும் மாற்றாமல் ஆண்டுக்கு 738 ரூபாய் மிச்சமாகும். விலைகள் அடிக்கடி மாறுவதால், கட்டும் நாளன்று நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு மட்டுமான திட்டங்களைச் செயலிகள் முன்வரிசையில் வைப்பதில்லை. கீழே தள்ளித் தேட வேண்டும்.

ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டுவது சரியா என்ற தயக்கம் வரலாம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் நின்றபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர், எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் குறியீட்டுக்கு அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்றிருக்கும் நிறுவனங்களுக்கு அப்படி நேரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் புதிதாக ஒரு நிறுவனத்துக்கு மாறினால், முதலில் 84 நாளுக்குக் கட்டுங்கள். சிக்னல் சரியென்று ஆத்தாவே சொன்ன பிறகு ஓராண்டுக்குக் கட்டலாம்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. வைஃபை வழியாகப் பேசும் வசதியுள்ள ஒரு ஸ்மார்ட்போனை வாங்கி அந்த வசதியை இயக்கிவிட்டால் இரண்டாம் கட்டிலும் அழைப்பு வரும், தனிக் கட்டணமும் இல்லை. ஆனால் பட்டன் போனுக்குப் பழகிய கையைத் தொடுதிரைக்கு மாற்றுவது, என் கருத்தில், அவருக்கு நாம் கொடுக்கும் சிரமம். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். நிறுவனம் மாற கடைக்குப் போனேன். உங்கள் ரீசார்ஜில் எஸ்.எம்.எஸ். கிடையாது, முதலில் பெரிய தொகைக்குப் போட்டுவிட்டு வாருங்கள் என்கிறார்கள். வேறொரு கடையில் புது எண் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். எந்தத் தொகைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும், போர்ட் கேட்டு 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வாடிக்கையாளரை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டுவிட்டது. அந்த எஸ்.எம்.எஸ்ஸுக்கான சாதாரணக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பேலன்ஸ் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். எழுத்துகளும் எண்களும் கலந்து மொத்தம் எட்டு இடமுள்ள ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் மாறிவிட வேண்டும்.

குறியீடே வராவிட்டால் காரணம் இருக்கும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்தோ பழுதாகியோ புது சிம் வாங்கியிருந்தால் அதிலிருந்து ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி இது. நல்ல விதி.

மாறும்போது மிச்சமிருக்கும் பேலன்ஸும் நாட்களும் போய்விடும். ஆகவே இப்போதைய ரீசார்ஜ் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முற்றிலும் முடியவிட்டால் அவுட்கோயிங் நின்று, அந்த எஸ்.எம்.எஸ்ஸும் போகாமல் தவிக்க நேரிடும். பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற நினைத்தால், போன் வாங்கிய பெட்டியில் 4ஜி பேண்டுகளின் (அந்தப் போன் பிடிக்கும் அதிர்வெண் வரிசைகளின்) பட்டியலைப் பாருங்கள்: அவர்களுடைய 4ஜி 700 மற்றும் 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பேண்ட் 28 இல்லாத போனில் அந்த 700 கிடைக்காது. கோபுரம் அருகிலேயே இருந்தும் இன்டர்நெட் திணறுகிறது என்று புலம்புவோர் சிலருக்குச் சிக்கல் இதுதான்.

புது எண் யோசனையை விட்டுவிடுங்கள். வங்கி, ஆதார், கேஸ், ரேஷன் எல்லாவற்றிலும் எண்ணை மாற்ற அலைந்தால் உங்கள் இரண்டு நாள் கூலி போய்விடும்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவருடைய இந்திய எண்ணுக்கு இங்குள்ள வங்கியிலிருந்து ஓ.டி.பி. வருவதற்காக மட்டும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோம். சிம்மை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் பார்த்துச் சொல்கிறேன். செலவைக் குறைக்க ரீசார்ஜை நிறுத்தினால் எண் போய்விடுமா?
– வாசகி, புதுவயல்

பதில்: ப்ரீபெய்டு எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் அதை முடக்கலாம். அந்த எண்ணின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி. இதை நம்பிப் பலர் ரீசார்ஜை நிறுத்திவிடுகிறார்கள். எண் முடங்காமல் இருப்பது வேறு, ஓ.டி.பி. வருவது வேறு. திட்டக் காலம் முடிந்த சில நாட்களில் வரும் அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் நிறுத்தப்படலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, முடக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம் என்பது. வங்கியில் பதிந்த எண் முன்பின் தெரியாதவர் கையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ரீசார்ஜை நிறுத்தாதீர்கள், மேலே சொன்ன ஓராண்டுத் திட்டத்துக்கு மாறுங்கள்.

ஓ.டி.பி.யைப் போனில் படித்துச் சொல்லும் பழக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. கணவரிடம் சொல்லிப் பழகிய வாய், ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவனிடமும் சொல்லிவிடும். அவர் அடுத்த முறை வரும்போது சர்வதேச ரோமிங்கை இங்கிருக்கும்போதே இயக்கி, சிம்மைக் கையோடு எடுத்துப் போகட்டும். ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. அழைப்பை எடுத்தால் உண்டு. டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்க மறக்கக் கூடாது. இன்னொன்று: அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வங்கிக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணக்குகளுக்குச் சிங்கப்பூர் எண்ணிலேயே யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி அறிவிக்கப்பட்டது. அவருடைய வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மாதம் என்றால் 30 நாள்தானே, ஏன் 28 நாள் தருகிறார்கள்?
– மாணவர், காரைக்குடி

பதில்: பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று முறை வாங்கலாம் என்பதால். 2022-இல் டிராய் போட்ட விதிப்படி, 30 நாள் செல்லும் ஒரு திட்டத்தையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டத்தையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருந்தாக வேண்டும். தேடிக் கேளுங்கள். விடுதியில் வைஃபை இருந்தால் நாளுக்கு இத்தனை ஜி.பி. என்ற திட்டம் உங்களுக்கு வேண்டாம். மிச்சமானது நள்ளிரவில் அழிந்துவிடும். மொத்தமாகச் சில ஜி.பி. தரும் திட்டம் போதும்.

கேள்வி: கடையில் சொன்ன திட்டம் ஒன்று, போனில் ஏறியது வேறு. கேட்டால் நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். யாரிடம் போவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் நிறுவனத்தின் 198 என்ற இலவச எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், செலவில்லை. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புச் சண்டையை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடிவந்தன. முடியும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கடைக்காரர் தவறான எண்ணுக்கு ஏற்றியிருந்தால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். உங்கள் எண்ணிலேயே வேறு திட்டம் ஏறியிருந்தால், வந்த எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே 198-ஐ அழையுங்கள். அந்தத் திட்டத்தின் டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே அழைத்துவிட்டால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.