பயோடீசல் போட்டால் காசு மிச்சமாகுமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் டீசல் லாரி, வேன் பழுதுபார்ப்பது என் தொழில். டீசல் விலை ஏறும்போதெல்லாம், சமையல் எண்ணெய், கொழுப்பு இவற்றிலிருந்து தயாராகும் பயோடீசலைப் பற்றி விசாரிப்பவர்களும் அதிகமாகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணே, டெலிவரிக்கு மூன்று வேன் ஓடுகிறது. பி20 போட்டால் மாதச் செலவு குறையுமா?

பதில்: பி20 என்றால் 20 பங்கு பயோடீசல், 80 பங்கு சாதா டீசல். இங்கே டீசலுக்கு 2017-ல் லிட்டருக்கு 10 காசு வரி போட்டார்கள், 2019-ல் அது 20 காசு ஆனது. கலவை எரிபொருளில் டீசல் பகுதிக்கு மட்டுமே வரி என்று அப்போதே வைத்தார்கள். அந்தக் கணக்கில் பி20-க்கு லிட்டருக்கு 4 காசு வரி மிச்சம். ஆனால் பயோடீசலில் எரிசக்தி கொஞ்சம் குறைவு. பி20 போட்டால் வண்டி ஒன்றிரண்டு சதவீதம் குறைவான தூரம்தான் ஓடும். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டு சதவீதம் 4 காசு. வரியில் வந்தது ஓட்டத்தில் போய்விட்டது, பார்த்தீர்களா? விற்பவர் நல்லபடியாக விலையைக் குறைத்தால்தான் உங்களுக்கு லாபம். லிட்டர் விலையை விட்டுவிட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை காசு ஆகிறது என்று பாருங்கள்.

கேள்வி: தேக்காவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன் தம்பி. வடை, பூரி பொரித்த எண்ணெயை வடிகட்டி அப்படியே வேனில் ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் அக்கா. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் அதைப் பனிபோல் தூவ முடியாது. பாதி எரிந்தும் எரியாமலும் கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் ஆயில் கூழாகும். முதல் சில வாரம் வண்டி நன்றாகவே ஓடும். அதை நம்பித்தான் பலர் இன்ஜினை இழக்கிறார்கள். எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் நீக்கிய பிறகுதான் அது பயோடீசல். உங்கள் எண்ணெயைச் சேகரிப்பவர்களிடம் விற்றுவிடுங்கள், அதற்கு இன்று நல்ல கிராக்கி. பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள், சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எண்ணெயைப் பயோடீசலாக்கும் அந்த வேலையை வீட்டிலேயே செய்தால்?

பதில்: வீவக அடுக்குமாடி வீட்டிலா? கூடவே கூடாது. மெத்தனால் சட்டென்று தீப்பிடிக்கும். உடம்புக்குள் போனால் பார்வையே போகலாம். கூடச் சேர்க்கும் காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். தீப்பற்றும் பொருட்களைச் சேமிக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லாரி. தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் மெதுவாகப் பழக்க வேண்டும். பயோடீசல் ஒரு கரைப்பான். பல வருடமாகத் தொட்டியில் படிந்த கசடை அது பெயர்த்து ஃபில்டருக்கு அனுப்பிவிடும். எக்ஸ்பிரஸ்வேயில் வண்டி திடீரென்று இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பயோடீசல் கெட்டது என்று அப்போது திட்டுவார்கள், உண்மையில் அது தொட்டியைத்தான் சுத்தம் செய்திருக்கிறது. முதலில் குறைந்த கலவையில் தொடங்குங்கள். வண்டியில் உபரி ஃபில்டர் ஒன்று இருக்கட்டும், முதல் சில டேங்குக்குள் ஒருமுறை மாற்றியும் விடுங்கள். அப்புறம் ரப்பர் குழாய்கள். பழைய வண்டிகளில் உள்ள சாதா ரப்பர் அதிக அளவு பயோடீசலில் ஊறி, உப்பி, கசியத் தொடங்கும். விட்டான் என்ற செயற்கை ரப்பர் வகைக் குழாயும் சீலும் போட்டால் அந்தக் கவலை இல்லை. குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: யூரோ 6 புகைத் தரத்தில் வந்த புது லாரிக்கு?

பதில்: முதலில் வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். அதில் பி7 (7 பங்கு வரை பயோடீசல்) என்று இருந்தால் பி7-தான். இந்த வண்டிகளில் புகைக்கரி ஃபில்டரைச் சூடேற்றிச் சுத்தம் செய்யக் கூடுதலாக எரிபொருள் பீய்ச்சப்படும். பயோடீசல் எளிதில் ஆவியாகாது. அதனால் அது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு தானாக ஏறினால் சும்மா விடாதீர்கள்.

கேள்வி: அடிக்கடி ஜொகூர் போகிறேன். அங்கே போடும் டீசலில் பயோடீசல் உண்டா?

பதில்: உண்டு. மலேசியாவில் 2019 முதல் வாகன டீசலில் 10 சதவீதம் பனை எண்ணெய்ப் பயோடீசல். சில நிலையங்களில் பி7-க்குத் தனிக் குழாய் இருக்கும். இதுவரை தொந்தரவு இல்லையென்றால் உங்கள் வண்டி அதற்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

கேள்வி: துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை தயாரிக்கும் எரிபொருளும் இதே பயோடீசல்தானா?

பதில்: இல்லை. அங்கே பழைய எண்ணெய், கொழுப்பு இவற்றை ஹைட்ரஜனால் பதப்படுத்தி, வேதியியல்படி டீசலுக்கு மிக நெருங்கிய எரிபொருளாக்குகிறார்கள். ஃபில்டர், ரப்பர் பிரச்சினை பெரிதாக இல்லை. தரத்தில் எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் மலிவு என்று சொல்ல முடியாது.

கேள்வி: பயோடீசலை நம்பி டீசல் கார் வாங்கலாமா?

பதில்: 2025 முதல் இங்கே புது டீசல் காரோ டாக்சியோ பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

கேள்வி: பள்ளி விடுமுறையில் எங்கள் மினிபஸ் சும்மா நிற்கும். பயோடீசல் டேங்கிலேயே இருந்தால் கெடுமா?

பதில்: கெடும். பயோடீசல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொட்டிக்கு அடியில் தண்ணீர் சேர்ந்து கிருமி வளரும், வழவழவென்று ஒரு படலம் வந்து ஃபில்டரை அடைக்கும். பஸ்ஸை நிறுத்துவதற்கு முன் கடைசி டேங்க் சாதா டீசலாகவே இருக்கட்டும். அதையும் முழுவதும் நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. பள்ளி திறந்ததும் ஓட்டுவதற்கு முன்னால் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.