ஓவியரின் முகவரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். வயது 26. அப்பா விசைப்படகுத் தொழிலாளி. இரண்டு ஆண்டுகளாக எந்த நிறுவனத்திலும் சேராமல் ஓவியம் வரைந்து பிழைக்க முயன்றுவருகிறேன். இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். ஆனால் கடந்த ஆறு மாதத்தில் வந்த வேலை மூன்றுதான். அவையும் தெரிந்தவர்கள் சொல்லி வந்தவை. தினமும் ஒரு ரீல் போட வேண்டும் என்கிறார்கள். அதற்கே பாதி நாள் போய்விடுகிறது. சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்வது அவசியமா? ஆங்கிலத்தில் எழுதினால்தான் வேலை வருமா? சென்னைக்கே போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். பெயரைத் தவிர்த்து வெளியிடவும்.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பியிருந்த சுட்டி வழியே ஒரு மாலை முழுவதும் உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குப் பாதி பாம்பன் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தை நூறாண்டுகளாக எல்லாரும் வரைந்து தீர்த்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தை ஒரே ஆண்டில் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பாலங்களுக்கு நடுவே, அதிகம் பேர் விருப்பக்குறி இடாத எட்டுப் படங்கள் இருந்தன: விளமீன், பாறை, ஊளி, நகரை, காரல், சூடை, கணவாய், நண்டு. செதிலின் வரிசையும் துடுப்பின் முள்ளும் பிசகாமல், ஏலத்துக்கு வந்த மீனைத் தினமும் பார்த்து வளர்ந்த ஒருவரால்தான் அப்படி வரைய முடியும். உங்களுக்கு வேலை வர வேண்டுமானால் அது இந்த எட்டுப் படங்களிலிருந்துதான் வரும் என்பது என் எண்ணம்.

படத்தை ரசிப்பவரும் படத்துக்குக் காசு கொடுப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். பதினோராயிரம் பேர் முதல் வகையினர். அவர்களால் மனம் நிறையும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வகையினருக்கு ஒரு குறிப்பிட்ட தேவை இருக்கும், ஒரு கெடு இருக்கும்; அவர் தேடிக்கொண்டு வரும்போது நீங்கள் என்ன செய்கிறவர், யாருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், எவ்வளவு ஆகும், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பவையெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மின்னஞ்சல் முகவரிகூட இல்லாத பக்கத்தில் ரீல் போட்டு என்ன பயன்?

சொந்தத் தளம் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொழிலுக்குப் போகும் படகுக்கு எவ்வளவு நல்ல மீன்பாடு கிடைத்தாலும் அவர் தராசில்தான் ஏற்ற வேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியாததல்ல. இன்ஸ்டாகிராம் உங்களுக்குப் பணம் தரவில்லை, கூட்டத்தைத் தருகிறது. ஆனால் கட்டு அதே கட்டுதான். எந்தப் படத்தை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஓரிரு நாளில் அவர்களில் ஒருவருக்குக்கூடச் சேதி சொல்ல வழியில்லாமல் நின்றார்கள். இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. அது ஏலக்கூடத்தில் குரல் கொடுப்பதைப் போல, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். மீன் இருக்கும் இடம் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் பெயரிலேயே ஒரு தள முகவரி வாங்க ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

அந்தத் தளத்தில் இருநூறு படங்கள் வேண்டாம், பன்னிரண்டு போதும். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதுங்கள். முக்கியமாக, ஒவ்வொரு மீனுக்கும் மூன்று பெயர்களையும் எழுதுங்கள்: நம் கரையில் சொல்லும் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு உங்கள் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில்தான் இருந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பின்னும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. கடலைப் பற்றிய பாடநூல், அறிவிப்புப் பலகை, கையேடு, குழந்தைகள் புத்தகம் என்று ஏதோ ஒன்றைத் தயாரிக்கும் ஒருவர் நகரை மீனின் படத்தைத் தேடலாம். அவர் கொச்சிக்காரராக இருந்தால் நகரை என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அறிவியல் பெயரைத்தான் இட்டுத் தேடுவார். கேமரா கொடுத்த எண்ணையே கோப்பின் பெயராக வைத்துவிட்டால், அது என்ன படம் என்பது கூகுளுக்கு எப்படித் தெரியும்? கோப்பின் பெயரிலும், படத்துக்கான மாற்று உரையிலும் (alt text, அது என்ன படம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி), கீழே உள்ள வரியிலும் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும். அறிவியல் பெயரை மட்டும் மீன்வளம் படித்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று தவறினால் மீதி ஏழையும் நம்பமாட்டார்கள். மொழி பற்றிய கேள்விக்கும் இதுவே என் பதில். தமிழும் இருக்கட்டும், ஆங்கிலமும் இருக்கட்டும், இரண்டும் எளிமையாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதிக்குச் சுவரோவியங்கள் வரைந்து கொடுத்து, பெருமையோடு என் தளத்திலும் போட்டேன். எடுத்துவிடுமாறு கடிதம் வந்தது. கோபத்தோடு வழக்கறிஞரிடம் போனால், அவர்கள் பக்கமே சட்டம் இருக்கிறது என்றார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து வரைவித்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். வரைந்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. படத்தையே போட்டுக் காட்டும் உரிமை அதனுள் வராது. ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்பதையும், என் தளத்தில் மாதிரியாக வைத்துக்கொள்வேன் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே செய்த மூன்று வேலைகளுக்கும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்; தெரிந்தவர்கள் வழியாக வந்தவர்கள் என்பதால் மறுக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்று மலைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் உங்கள் அப்பா கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருப்பார். வேலை வராத உங்கள் மாதங்களை அப்படிச் செலவழியுங்கள்.

சென்னைக்குப் போவது உங்கள் விருப்பம். வேலைக்காகப் போகத் தேவையில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் ஊர் என்ற இடத்தில் இப்போதே ‘சென்னை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டுத் தங்கச்சிமடம் என்று எழுதுங்கள். சென்னையில் ஓவியர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். காரலையும் சூடையையும் கையில் எடுத்துப் பார்த்து வரைகிறவர் எத்தனை பேர்?

அந்த ஊளிப் படத்தின் அச்சுப்படி ஒன்று எனக்கு வேண்டும். என்ன விலை என்று தேடினேன், எங்கும் இல்லை. தளம் போட்டு, விலையும் போட்ட பிறகு எழுதுங்கள்.