இரத்த அணுக்களில் பிறழ்வு இருந்தால் நுரையீரல் புற்றுநோய் பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் அப்படி இல்லை. பிறழ்வு என்றால் மரபணுவில் விழும் எழுத்துப்பிழை. எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாக்கும் அணுக்கள் ஆயுள் முழுக்கப் பிரிவதால் வயது ஏற ஏறப் பிழைகள் சேரும். 70 வயது கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படிப் பிழைபட்ட இரத்த அணுக்கள் பெருகியிருக்கும், புகைப்பவர்களிடம் அதிகம் (சுருட்டும் புகைதான்!). இவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை எடுங்கள். வளர்ந்தபின் ஒரு கொப்பில் வந்த பழுது மற்றக் கொப்பின் மாங்கொட்டைக்குப் போகாது; வயதில் இரத்த அணுவில் வந்த பிழையும் அப்படியே, பிள்ளைகளுக்குப் போகாது. கொட்டையிலேயே இருந்த குறை என்றால் மரம் முழுக்க இருக்கும், அடுத்த கன்றுக்கும் போகலாம். அத்தகைய பரம்பரைப் பிழை அரிது.

இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததாலேயே அது பரம்பரை என்று பலர் நினைக்கிறார்கள். தோல் அணுக்களிலும் அதே பிழை இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம்.